ரப்போசோவும் தொலைந்த முளைகளும்

காகிதப் பையைக் கீறுவதற்கு முன்னால் ரப்போசோ அதைக் காதருகே தூக்கிப் பிடித்து மெல்லக் குலுக்குவார். கண்களை மூடிக்கொள்வார். தூசி சத்தம் போடாது. தூசிக்குள் கிடக்கும் பொருள்தான் பேசும். காசு கிடந்தால் மந்தமாக இடிக்கும். கொண்டை ஊசி கிடந்தால் காகிதத்தைப் பிறாண்டும். பிளாஸ்டிக் முளை கிடந்தால் மட்டும் மெல்லிய கிலுகிலுப்பு ஒன்று எழும். அது கேட்டதும் மீசைக்குக் கீழே உதடு விரியும். "இருக்கு," என்பார், கடையில் கேட்க யாரும் இல்லாவிட்டாலும்.

துவார்த்தே ரப்போசோவுக்கு ஃபால் ரிவர் நகரத்தின் கொலம்பியா தெருவில் வாக்குவம் கிளீனர் பழுது பார்க்கும் கடை. பழுப்பு ஏப்ரன், அதன் பையில் மோட்டார் துடைக்கிற பழைய பல்துலக்கி, காதில் பென்சில். எரிந்த ரப்பர் பெல்ட்டின் வாசம் அவர் கையைவிட்டுப் போவதேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அது தெரியும். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு கையில் சோரிசோ என்னும் காரத் தொத்திறைச்சி வைத்த ரொட்டி, மறு கையில் திருப்புளி. எந்திரத்தோடு பேசுகிற பழக்கமும் உண்டு. "மூச்சு வாங்குது பாவம். உன்னை மாடிப்படியில இழுத்துட்டு வந்தாங்களா?" என்று அதனிடமே கேட்பார். கேட்ட பிறகுதான் கொண்டுவந்த ஆளை நிமிர்ந்து பார்ப்பார்.

கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "இழுக்க மாட்டேங்குது." திருப்பி வாங்க வருகிறபோது அவரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "எந்திரத்துல ஒரு கோளாறும் இல்ல. வீட்டுல பிள்ளைங்க இருக்கு. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, உள்ளிருந்து எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டுவார். ஊக்கு, பொத்தான், பொம்மையின் ஒற்றைச் செருப்பு, பிறகு அந்த முளைகள். மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவார். முளைகளைக் காட்டி, "இத நான் வச்சுக்கலாமா?" என்று கேட்பார். யாரும் மறுத்ததில்லை. காலில் குத்தி உயிரை எடுத்த சனியன் ஒழிந்தது என்றுதான் நினைப்பார்கள்.

அந்த முளைகளுக்குச் சொந்தமான பொம்மை இந்த ஊரில் இல்லாத வீடு குறைவு. ஒரு பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு. முன்பக்கம் துளை நிறைந்த தட்டு, அதன்மேல் கறுப்புக் காகிதம். நிற முளைகளைக் காகிதத்தைத் துளைத்துக் குத்தினால் குத்திய இடமெல்லாம் ஒளிரும். கோமாளி, கப்பல், பூந்தொட்டி என்று பிள்ளைகள் இருட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படம் செய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பெட்டியின் முளைகள் மறுவாரமே கம்பளத்துக்குள் புகுந்துவிடும். வெறுங்காலால் மிதித்த தகப்பன்மார் சொன்ன வார்த்தைகளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். மிச்சத்தை வாக்குவம் கிளீனர் விழுங்கும். மலைமேல் ஐரிஷ்காரர் வீடாக இருந்தாலும் சரி, ஃப்ளின்ட் பக்கம் பிரெஞ்சுக்காரர் வீடாக இருந்தாலும் சரி, ஆலையடியில் நம் போர்த்துகீசியர் குடியிருக்கும் மூன்றடுக்கு மர வீடாக இருந்தாலும் சரி, விழுங்கியது எல்லாம் கடைசியில் ரப்போசோவின் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

அவர் முதல்முதலாக ஒரு முளையைப் பார்த்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். போர்த்துகீசியத் தீவான சாவோ மிகேலிலிருந்து வந்து இறங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் மின்சாரம் கிடையாது. வாக்குவம் கிளீனர் என்று ஒன்று இருப்பதே இங்கே வந்துதான் தெரியும். அப்போது கடை தெரோஸியே என்கிற கிழவருடையது. எந்திரம் ஒன்றைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டியபோது, மேஜையில் ஒரு பச்சைத் துண்டு மிச்சம் இருந்தது. ஒரு முனை கூராக, மறுமுனை தலையோடு, கண்ணாடி மாதிரி. எதையோ பூட்ட மறந்துவிட்டோம் என்று பயந்துபோய் எந்திரத்தை மறுபடி பிரித்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் அதை வைத்துப் பார்த்தார். எதிலும் பொருந்தவில்லை. கம்பெனிப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடினார். சாயங்காலம் முதலாளி வந்தபோது கண்ணில் நீர் முட்ட, "இது எந்த பாகம்னு தெரியல முதலாளி," என்று நீட்டினார். கிழவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையிலிருந்து ஆள் ஓடிவந்துவிட்டது.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நான் அத வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்," என்பார் ரப்போசோ. "அவ்வளவு அழகான பாகத்த எந்த எந்திரத்துலயும் நான் பாத்ததில்ல."

பக்கத்துக் கடை பெல்மீராவுடையது. ரொட்டிக் கடை. அன்று ஓடிவந்த ஆள் அவள்தான். அப்போது கல்யாணமாகாத பெண்; இப்போது பேரப்பிள்ளை எடுத்தாகிவிட்டது. இன்றும் காலையில் இனிப்பு ரொட்டியோடு வந்து, "யோவ் ரப்போசோ, பாகம் எல்லாம் சரியாப் பூட்டிட்டியா?" என்று கேட்காமல் போகமாட்டாள்.

தெரோஸியே கிழவர் கண்மூடிய பிறகு கடை ரப்போசோவுக்கு வந்தது. அந்த வருடம்தான் மூடிப்போன நூல் ஆலையிலிருந்து கதவளவு பெரிய தகரப் பலகை ஒன்றை வாங்கிவந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க அதில் வரிசை வரிசையாகத் துளை போட்டார். பின்னால் மரப்பெட்டி அடித்து உள்ளே குழல் விளக்குகளைப் பொருத்தி, முன்னால் கறுப்புக் காகிதம் ஒட்டி, கடையின் கண்ணாடி ஜன்னலில் தெருவைப் பார்க்க நிறுத்தினார். ஊர் வீடுகளிலிருந்து வந்த முளைகளைக் கொண்டு படம் குத்தத் தொடங்கினார்.

முதல் படம் சேவல். தெருவே கூடி நின்று, தீப்பிடித்த வீடு என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் செய்த மாதாவைப் பார்த்துவிட்டுப் பங்குச் சாமியார் நெடுநேரம் யோசித்து, "நல்ல படகு," என்றார். ரப்போசோ கோபித்துக்கொள்ளவில்லை. பிடுங்கி, மறுபடி குத்தினார். வருடங்கள் போகப் போகக் கை தேறியது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் மூன்றாவதாக இன்னொரு நிறம் பிறக்கும் என்பது விரலுக்குப் பழகியது.

இப்போது இருக்கும் படம் ஆற்றின் மேலே போகும் பெரிய பாலம். கீழே தண்ணீர், தண்ணீரில் பாலத்தின் நிழல், மேலே சூரியன் இறங்கிய பிறகான வானம். சொன்னால் இவ்வளவுதான். ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும். ரப்போசோ சுவிட்சைத் தட்டுவார். தெருவின் சாம்பல் நிறப் பனியெல்லாம் சட்டென்று ஆரஞ்சும் நீலமுமாகிவிடும். தண்ணீர் அசைகிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்து பஸ்ஸைத் தவறவிடுவார்கள். அந்தப் பாலத்தின் மேல் நாள்தோறும் லாரி ஓட்டிப் போகிறவன் ஒருவன், ஒருநாள் கண்ணாடிமுன் நின்று தொப்பியைக் கழற்றினான். "டெய்லி போறேன். இப்பதான் பாக்குறேன்," என்றான். அவனோடு சேர்ந்து பெல்மீராவும் வாயைப் பிளந்து நின்றிருந்தாள். திரும்பி வந்து, "யோவ், இதெல்லாம் எங்க வீட்டு அழுக்குலேர்ந்து எடுத்ததாய்யா?" என்று கேட்டபோது அவள் குரலில் கேலி இல்லை.

வானத்தின் ஒரு மூலை மட்டும் முடியாமல் இருந்தது. அதற்கு ஆரஞ்சு தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரேமண்ட் பாச்சேகோ ஒரு எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தான். நகரப் பஸ் டிரைவர், முப்பது வயதிருக்கும். யூனிஃபார்மின் மேல் கோட்டுகூடப் போடவில்லை. "இழுக்க மாட்டேங்குது," என்றான். "சனிக்கிழமைக்குள்ள வேணும் மிஸ்டர் ரப்போசோ. மச்சினி வர்றா."

அவன் போனதும் ரப்போசோ பையைக் கழற்றிக் குலுக்கினார். பை பொங்கப் பொங்கக் கிலுகிலுத்தது. ஒரு கை நிறைய முளைகள். பாதி நீலம், பாதி ஆரஞ்சு. கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் மனிதருக்குப் பாட்டே வந்துவிட்டது. தூசியைப் பின்கட்டுக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். முளைகளைச் சோப்புத் தண்ணீரில் அலசிச் செய்தித்தாளில் உலர்த்தினார். மறுநாள் காலையில் ஆரஞ்சில் கொஞ்சத்தை வானத்தில் குத்திவிட்டு, மிச்சத்தை அந்தந்த நிறத்துக்கான ஊறுகாய் ஜாடிகளில் போட்டார்.

அன்று மத்தியானம் ரேமண்ட் வந்தான். ரப்போசோ எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "எந்திரத்துல ஒரு கோளாறும் இல்ல தம்பி. வீட்டுல பிள்ளை இருக்கு. அவ்வளவுதான்."

ரேமண்ட் எந்திரத்தின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருந்தா," என்றான்.

எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். முளைகள் வேண்டுமா என்று கேட்க ரப்போசோவுக்கு வாய் வரவில்லை. மனிதர் முக்காலியில் உட்கார்ந்தார். ரொட்டியோடு வந்த பெல்மீராதான் மிச்சத்தைச் சொன்னாள். பாச்சேகோ வீட்டுப் பெண், ட்ரேசி. முதல் வகுப்பு. அக்டோபரில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. "நானே அவங்க வீட்டுக்கு ரொட்டி கொண்டு போனேன். நீ எந்த உலகத்துல இருக்க?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு எப்படித் தெரியும், விடு," என்று ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

ரப்போசோ அன்று அந்த ரொட்டியைத் தொடவில்லை.

இருட்டத் தொடங்கி ஜன்னல் விளக்கைப் போட்ட நேரத்தில் கதவு மணி அதிர அதிர ஒரு பெண் உள்ளே வந்தாள். திரைச்சீலைத் தொழிற்சாலைக்காரர்கள் போடும் நீலக் கோட்டு, அதற்குள் பொத்தான் மாற்றிப் போட்ட ஸ்வெட்டர். காலில் வீட்டுச் செருப்பு. அதிலெல்லாம் பனி.

"பழைய பை எங்க?" என்றாள்.

"எந்தப் பைம்மா?"

"எங்க எந்திரத்துல இருந்த பை. புதுசு மாட்டியிருக்கீங்க. பழசு எங்க?"

ரப்போசோவுக்கு யார் என்று புரிந்தது. பின்கட்டைக் காட்டினார். அவள் அவரைத் தாண்டி ஓடிப்போய்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். காலையிலேயே வண்டி வந்து அள்ளிப்போயிருந்தது. அடியில் பனித் தண்ணீர்தான் தேங்கி நின்றது.

"அவ ரூம கடைசியா நான் சுத்தம் பண்ணினது அவ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள்," என்று தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் ஆர்லீன் பாச்சேகோ. "அதுக்கப்புறம் எந்திரத்தை எடுக்கவே இல்ல. அவ முடி எல்லாம் அதுலதான் இருந்துது. தலைகாணிய அன்னைக்கே தோச்சுட்டேன். துணியெல்லாம் தோச்சுட்டேன். சமத்து மாதிரி எல்லாத்தையும் தோச்சு வச்சுட்டேன், அவ வர்றப்ப சுத்தமா இருக்கணும்னு. அந்தப் பை ஒண்ணுதான் தோய்க்காம இருந்துது." திரும்பினாள். "கேக்க வேணாமா? தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க வேணாமா உங்களுக்கு?"

தூசிப் பையைக் கொட்டலாமா என்று உலகத்தில் எந்தக் கடைக்காரனும் கேட்பதில்லை. ரப்போசோ அதைச் சொல்லவில்லை. "கேட்டிருக்கணும்மா," என்றார். "முளைங்க மட்டும் இருக்கு. அத நான் தூக்கிப் போடல."

அவள் கண் அசைந்தது.

அவர் அவளை உள்ளே கூட்டிவந்து, நீல ஜாடியையும் ஆரஞ்சு ஜாடியையும் மேஜைமேல் செய்தித்தாளில் கவிழ்த்தார். முளைகள் சரசரவென்று கொட்டிக் குவிந்தன. அவள் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "இதுல எது?" என்றாள்.

"கலந்துடுச்சும்மா."

அவள் அழவில்லை. ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "அவ கடிப்பா," என்றாள். "எதக் குடுத்தாலும் கடிப்பா. பென்சில், சட்டைக் காலரு, ஜெபமாலைகூட. முன்பல்லு ஒண்ணு விழுந்திருந்துது. மத்தது பாதி உடைஞ்சது, சைக்கிள்ல விழுந்து." ஒரு நீல முளையை எடுத்து விளக்கடியில் திருப்பினாள். "இதோ. கடிச்சிருக்கு."

ரப்போசோ மோட்டார் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தார். "இது பல்லு இல்லம்மா. உள்ள விசிறி சுத்துது பாருங்க, அந்த இறக்கை பட்டுக் கீறினது. எல்லாத்துலயும் இருக்கும்."

"விசிறி பட்டா நீளமா இழுக்கும்ல? இது குழி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நல்லாப் பாருங்க." முளையை அவர் கண்ணாடிக்கு இன்னும் கிட்டத்தில் நீட்டினாள். "இது பல்லு."

பார்த்தார். அடுத்த முளையை எடுத்துப் பார்த்தார். அதற்கடுத்ததை எடுத்தார். கூர்முனைக்குச் சற்று மேலே, மேல் பல்லும் கீழ் பல்லும் சந்தித்த இடத்தில், பொட்டுப் பொட்டாகக் குழிகள். சிலது லேசாக, ருசி பார்த்ததுபோல. சிலது வெறியோடு, முளையே தட்டையாகும்படி. பக்கவாட்டில் கடைவாய்ப் பல்லால் அரைத்தது. வரிசையாக நான்கு முறை கொறித்தது. வருடக்கணக்காக அவர் விரலால் பிடித்துக் குத்திக்கொண்டிருந்த பொருள்தான் அது. கீறல் கீறல் என்று நினைத்து ஒதுக்கியது அத்தனையும் பிள்ளைகளின் வாய்.

"எல்லாப் பிள்ளைங்களும் கடிச்சிருக்கு," என்றார்.

"எல்லாப் பிள்ளைங்களும் கடிக்கும்," என்றாள் அவள், முளைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே.

சற்றுநேரத்தில் பூதக்கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டாள். முளையை உதட்டுக்குள் வைத்து, நாக்கு நுனியால் தடவிப் பார்த்து, வெளியே எடுத்து ஒருபக்கம் வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. கழுவியதுதான், இருந்தாலும் ஊர்த் தூசியில் கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு ரப்போசோவால் அதைச் சொல்ல முடியவில்லை. குழாயடிக்குப் போய் ஜாடி நிறையத் தண்ணீர் பிடித்து, முளைகளை இன்னொருமுறை அலசி அலசி அவள் பக்கம் நகர்த்தினார்.

நீலத்தில் இல்லை. ஆரஞ்சிலும் பாதிக்குமேல் முடிந்தபோது அவள் ஓய்ந்து உட்கார்ந்தாள். "வேற எங்கயும் இருக்குமா?"

ரப்போசோ ஜன்னல் பக்கம் பார்த்தார். "காலையில கொஞ்சம் வானத்துல குத்தினேன்."

பலகையின் பின்பக்க மரக்கதவை அவர் குழல் விளக்கு மாற்றுவதற்காகத் தவிர வேறெதற்கும் திறப்பதில்லை. திறந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் திறப்பார். அன்று அணைக்கத் தோன்றவில்லை. கொக்கியை நீக்கி இழுத்ததும் வெள்ளை வெளிச்சம் கடைக்குள் வந்து விழுந்தது. இருவரும் தலையை உள்ளே நீட்டினார்கள்.

முன்னாலிருந்து பார்த்தால் பாலம். பின்னாலிருந்து பார்த்தால் பாலமும் இல்லை, ஆறும் இல்லை. முளைகளின் கூர்முனைகள் மட்டும், தகரத்தைத் தாண்டி வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு முனையிலும் கடித்த குழி. விளக்கு இத்தனை கிட்டத்தில் இருந்ததால் குழி ஒவ்வொன்றிலும் ஒளி போய்த் தேங்கி ஒரு புள்ளியாக மின்னியது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் இந்த வரிசை மின்னும். அந்தப் பக்கம் சாய்த்தால் அந்த வரிசை. ஊரின் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு ஒரே அறையில் நிற்பதுபோல இருந்தது ரப்போசோவுக்கு. தன் கையால் செய்ததைத்தான் பார்க்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

"மாதாவே," என்றாள் ஆர்லீன்.

வாசல் மணி மெல்ல அடித்தது. ரேமண்ட் வந்து நின்றான். வீட்டில் திறந்த கதவையும் எந்திரத்தையும் பார்த்துவிட்டுத் தெருத் தெருவாகத் தேடி வந்திருக்கிறான்.

"ஆர்லீன். வீட்டுக்கு வா."

"எதுக்குக் கொண்டு வந்த?" அவள் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா விட்டிருக்க மாட்ட." தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "வீட்டுல ஒரு சத்தம் இல்ல ஆர்லீன். டிவி போடக் கூடாது, ரேடியோ போடக் கூடாது. அந்த எந்திரமாவது ஓடட்டுமேன்னு நெனச்சேன். பையில என்ன இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா தோணல."

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அது வா என்று சொல்வதா, இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் வந்து குனிந்தான்.

"என்ன இது?"

"பல்லு," என்றாள்.

அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். விரலை நீட்டி ஒரு முனையைத் தொட்டான். பிறகு தலையைத் திருப்பி, "மிஸ்டர் ரப்போசோ, எங்கம்மாவோட பச்சை எந்திரம் இங்கதானே வந்துக்கிட்டிருந்துது?" என்றான்.

"வந்துது தம்பி. மாடிப்படியிலேர்ந்து உருட்டிவிட்டே கொண்டு வருவாங்க. பெட்ஃபோர்டு தெரு."

"எனக்கும் அந்தப் பொட்டி இருந்துது. அந்த பொம்மை வந்த முதல் வருஷமே வாங்கிக் குடுத்தாங்க." அவன் விரல் இன்னும் அந்த முனைமேல் இருந்தது. "அப்ப நான் கடிச்சதும் இதுல இருக்குமா?"

"தூக்கிப் போட்டதில்ல தம்பி. ஒண்ணுகூட."

ரேமண்ட் பெட்டியின் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அழுகிறான் என்றுதான் ரப்போசோ நினைத்தார். பாதி அழுகை, பாதி சிரிப்பு. "எங்கம்மா அடிப்பாங்க, கடிக்காத கடிக்காதன்னு," என்றான். "அவளுக்கு அது எங்கேர்ந்து வந்துதுன்னு நீ கேட்டுக்கிட்டே இருப்பியே ஆர்லீன்."

ஆர்லீன் மேஜைக்குத் திரும்பிப்போய் மிச்சமிருந்த ஆரஞ்சு முளைகளை எடுத்துப் பார்த்தாள். இப்போது அவசரமில்லாமல். நாலைந்தைப் பார்த்து வைத்துவிட்டாள். அடுத்ததை உதட்டுக்குள் வைத்தவள் அப்படியே நின்றாள். நாக்கு உள்ளே அசைவது கன்னத்தில் தெரிந்தது. அதை அவள் வெளியே எடுக்கவில்லை.

"அதுதானா?" என்றான் ரேமண்ட்.

அவள் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே ஏதோ சொன்னாள். மிட்டாய் போட்ட பிள்ளை பேசுவதுபோல இருந்ததே தவிர, ஆமாம் என்றாளா தெரியாது என்றாளா என்று ரப்போசோவுக்குப் புரியவில்லை. அது ட்ரேசியுடையதா, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வேறு பிள்ளையுடையதா, சொல்ல ஆள் கிடையாது. ரேமண்ட் தன் கோட்டைக் கழற்றி, ஏற்கெனவே கோட்டுப் போட்டிருந்த அவள்மேல் இன்னொன்றாகப் போர்த்தினான். வீட்டுச் செருப்பில் பனியில் வழுக்காமலிருக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். வாசலில் நின்று திரும்பி, கன்னம் உப்பியபடியே, "அவ தண்ணிய நீலத்துலதான் குத்துவா. நீங்க அங்கங்க பச்சை சேத்திருக்கீங்க. நல்லா இருக்கு," என்றாள். அது ஒன்று தெளிவாகக் கேட்டது.

இன்றைக்கும் மாதத்தில் ஒருநாள், தொழிற்சாலை விட்ட பிறகு அவர்கள் வருகிறார்கள். சிலசமயம் இருவராக, சிலசமயம் அவள் மட்டும். ரப்போசோ கொக்கியை நீக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மீன்கடைக்காரன் வந்து நெடுநேரம் தலையை உள்ளே விட்டிருந்துவிட்டு, தன் மகன் பாஸ்டன் போய் வருடம் நாலாகிறது என்றான். ஒரு வாத்தியாரம்மா தன் வகுப்பையே கூட்டிவந்தாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு தங்கள் பல்லைத் தேடினார்கள். பழுது பார்க்க வரும் எந்திரங்களில் ரப்போசோ இப்போது பையைக் கீறுவதில்லை. கழற்றி, வாயைக் கட்டி, பெயரெழுதி அலமாரியில் வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் "பை வேணுமா?" என்று கேட்கிறார். சிலர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

பாச்சேகோ தம்பதி முதல்முறை வந்துபோன அந்த மாலையில் பெல்மீரா ரொட்டிக் கடையைச் சாத்திவிட்டு, மிஞ்சியதை உறையில் போட்டுக்கொண்டு ரப்போசோ கடைப்பக்கம் வந்தாள். கேலிக்கு ஏதோ தயாராக வைத்திருந்தாள். கதவைத் தள்ளப்போனவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து நின்றுவிட்டாள். மேஜை விளக்கடியில் ரப்போசோ மஞ்சள் முளைகளின் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு குழியும் இல்லாத வழவழப்பான முளை ஒன்றைக் கண்டெடுத்தார். ஏப்ரனில் துடைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று முன்வாசலைப் பார்க்காமல், பின்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். எடுத்துப் பார்த்தார், போதவில்லை போலும், மறுபடி வைத்துத் தாடை இறுக அழுத்திக் கடித்தார். பிறகு எழுந்துபோய், வானத்தில் வெறுமையாகக் கிடந்த துளை ஒன்றைப் பார்த்து, கட்டைவிரலால் முளையை உள்ளே தள்ளினார்.